மேரிம் நடப்பது யாருக்கும் தெரியாது

மேரிம் நடக்க ஆரம்பித்து இருபத்திரண்டு நாளாகிறது. இது உலகத்தில் அவள் அம்மா புருல் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படித்தான் புருல் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குறுகலான இடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி துவைக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை பிடியை விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று அடி வைத்து வந்து அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. பெற்றவள் என்ன செய்திருக்க வேண்டும்? வாயெல்லாம் பல்லாக வீட்டைக் கூட்டியிருக்க வேண்டும். புருல் சுற்றுமுற்றும் பார்த்தாள். மாமனார் அறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஆள் இருக்கும் இடத்தில் இறக்கிவிட்டதே இல்லை.

அந்த ஊர் வழக்கப்படி, பிள்ளை நடந்துவிட்டால் கால்கயிறு வெட்டியாக வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் பிள்ளையின் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, வெள்ளை விரிப்பில் நிற்க வைப்பார்கள். நாற்பது ஐம்பது அடி தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாம் பிள்ளையை நோக்கி ஓடிவரும். முதலில் சிறுசுகள், அப்புறம் பெண்கள், அப்புறம் ஆண்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கயிறு. ஜெயித்தவர் கத்தியை வாங்கிக் கயிற்றை வெட்டிவிட்டால், பிள்ளை வாழ்நாளெல்லாம் தடுக்காமல் நடக்கும். புருலே இருபத்தைந்து, முப்பது கயிறு வெட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். அவள் கோட்டில் வந்து நின்றாலே மற்றப் பெண்கள், "அப்ப நாங்க எதுக்கு மூச்சு வாங்கணும்" என்று செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவளால் இப்போது மனிதர்கள் ஓடிவருவதைப் பார்க்க முடியவில்லை.

போன அக்டோபரில், தேர்தல் முடிவு பிடிக்காமல் தலைநகர் பிஷ்கேக்கே சதுக்கத்தில் கூடியதே, அந்த நாள் சாயங்காலம் நடந்தது இது. புருல் கூட்டத்துக்கெல்லாம் போகிறவள் இல்லை. அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, ஆறு மாதக் கைக்குழந்தையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் டிராலிபஸ் நின்றுவிட்டது. "இதுக்கு மேல போவாது, எல்லாரும் எறங்கிக்கங்க" என்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். இறங்கி நடந்து ஒரு முக்கைத் திரும்பியபோது எங்கோ ஏதோ வெடித்தது. அடுத்த நிமிஷம் தெரு அடைத்து ஆட்கள் அவளை நோக்கி ஓடிவந்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு மருந்துக்கடையின் ஷட்டரில் முதுகை ஒட்டவைத்து, கோட்டுக்குள் பிள்ளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு நிமிஷமோ அறுபது நிமிஷமோ, அவளிடம் கணக்கில்லை. ஒருவன் கையை விரித்து, "குழந்த இருக்கு, சுத்திப் போங்கடா" என்றுகூடக் கத்தினான். யாருடைய விரலும் அவள் மேல் படவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணும் ஆகலியே?" என்றார்கள். "ஒண்ணும் ஆகல" என்றாள். பொய்யில்லை, ஒரு கீறல்கூட இல்லை.

அவளை அரித்தது வேறு. ஒரு ஸ்பூன் கீழே விழுந்தாலே வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை, அந்தக் களேபரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. கண்ணை அகல விரித்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் நெஞ்சு அடித்த அடி நேராக அதன் காதுக்குள் இறங்கியிருக்கும். தன் பயத்தைத் தானே பாலோடு சேர்த்துப் புகட்டிவிட்டோம், அது பிள்ளைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, ஒரு நாள் எழுந்து வரும் என்று புருல் நம்பினாள். எந்த நாள் என்பதும் அவளுக்குத் தெரியும். கால் கட்டி நிறுத்திய பிள்ளையை நோக்கி ஐம்பது பேர் ஓடிவரப்போகிற நாள். மேரிம் அலறுவாள். அலறிவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒருவேளை பயம் உள்ளே போயிருக்காதோ என்கிற அந்தச் சந்தேகம் ஒன்றுதான் இப்போதைக்கு அவளுக்கு மிச்சம். அதைத்தான் அவள் இருபத்திரண்டு நாளாக இடுப்பில் வைத்துச் சுமந்தாள். பதினோரு கிலோ. முதுகு விட்டுப்போயிற்று.

பள்ளிக்கூடத்திலும் ஓட்டம் நின்றுபோயிருந்தது. அவள் பாடவேளையில் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே குனிந்து நிமிர்ந்து கையைச் சுழற்றினார்கள். மிச்ச நேரம் செஸ். தலைமையாசிரியர் இதை ஏதோ புதிய கல்விமுறை என்று நினைத்து ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டிவிட்டார். பத்தாம் வகுப்புப் பையன்கள்தான் விடவில்லை. "டீச்சர், இந்தக் குதிரையாச்சும் பாயலாமா, இல்ல அதுவும் நடந்துதான் போவணுமா?" என்று கேட்டார்கள்.

வீட்டில் மற்றவர்கள் நேராக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

மாமனார் துர்தாகுனுக்கு எழுபத்தொரு வயது. பதினைந்து வருஷத்தில் மூன்று ஆட்சி கவிழ்ந்ததைப் பார்த்தவர். ஒரு கவிழ்ப்புக்கு ஒரு பூட்டு என்று வாசல் கதவில் சேர்த்துக்கொண்டே வந்து, இப்போது பால் வாங்கப் போக மூன்று சாவி வேண்டும். அக்டோபருக்குப் பிறகு எல்லார் பாஸ்போர்ட்டும், வீட்டுப் பத்திரமும், பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் ஒரு பிளாஸ்டிக் பையில் போய், அந்தப் பை அவர் ஜாக்கெட்டின் உள்பைக்குள் போய்விட்டது. ஜாக்கெட்டை அவர் கழற்றுவதில்லை. சாப்பிடும்போதும் ஒரு பக்கம் நெஞ்சு புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கணவன் உலான் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன். அந்தக் கலவர நாட்களில் கையில் பட்டை கட்டிக்கொண்டு கடைத்தெருவைக் காவல் காத்தவர்களில் ஒருவன். காவல் போதும் என்று எல்லாரும் வீட்டுக்குப் போய் மாதங்கள் ஆயிற்று. அவன் மட்டும் தினமும் வேலை முடிந்து வந்ததும் குடியிருப்பை இரண்டு முறை சுற்றிவிட்டுத்தான் மாடி ஏறுவான். கேட்டால், "காத்து வாங்கினேன்" என்பான். பிப்ரவரி மாதம், முழங்கால் பனியில், காற்று வாங்கினான்.

ஏழு வயது எர்பொல், முற்றத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி கவிழ்க்கும் விளையாட்டு ஆடினான். ஊஞ்சல் கம்பத்தின் மேல் ஒருவன் ஜனாதிபதி. கீழே நின்று மற்றவர்கள், "எறங்கு, எறங்கு" என்று கத்த வேண்டும். இறங்கினதும் அடுத்தவன் ஏறுவான். ஒரே சாயங்காலத்தில் ஒன்பது பேர் நாட்டை ஆண்ட நாளும் உண்டு. பகலில் இவ்வளவு வீரம் இருந்தாலும் விடிந்தால் படுக்கை நனைந்திருக்கும். புருல் ஒரு வார்த்தை கேட்காமல் விரிப்பை மாற்றுவாள். அவனும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போவான்.

யாரும் யாரையும் எதுவும் கேட்டு நோகடிக்காத குடும்பம் அது. அவ்வளவு பாசம்.

அந்தப் பாசத்தில் மண்ணள்ளிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு அசில்கான் வந்து சேர்ந்தாள், கையில் ஒரு பாட்டில் செர்ரி ஜாமோடு. ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். இந்த ஐந்து மாடியில் எந்த வீட்டில் யார் தும்மினாலும் கைக்குட்டை எடுத்துக்கொண்டு வருகிறவள் அவள்தான். உட்கார்ந்த கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

"பதினாலு மாசம் ஆவப்போவுது. பொண்ணு காலு தரையில பட்டு நான் பாக்கல. என்ன உத்தேசம் புருல்? கல்யாணத்தன்னிக்கும் இடுப்புலயே தூக்கிட்டுப் போய்க் குடுக்கப் போறியா?"

"எங்க வீட்ல எல்லாருமே லேட்டுதான்கா" என்றான் உலான் அவசரமாக. "நானே ஒன்ற வயசுலதான் நடந்தேன்."

"யாரு, நீயா? ஒம்பதாம் மாசம் என் வீட்டு மாவு வாளியக் கவுத்துட்டு ஓடினவன்டா நீ. எங்கிட்டயே கத விடற."

"கொழந்த மெதுவா நடக்கட்டுமே" என்றார் துர்தாகுன். "நடந்து எங்க போவப் போறா. வெளிய என்ன வாழுது."

"நீங்க பேசாதீங்கண்ணே. நீங்க நெஞ்சுல ஒரு ஆபீஸ வெச்சிட்டுச் சுத்துறீங்க." அசில்கான் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள், புருல் ஊற்றுவதற்காக. "எலும்பு டாக்டர்கிட்ட என் நாத்தனார் பொண்ணு நர்ஸா இருக்கா. புதன்கெழம வரச் சொல்லிட்டேன். நானும் கூட வரேன்."

தேநீர் ஊற்ற இரண்டு கையும் வேண்டும். புருல் பிள்ளையைக் கம்பளத்தில் உட்கார வைத்துவிட்டுப் பானையைத் தூக்கினாள். ஒரு கிண்ணம் நிறைய எவ்வளவு நேரமாகும், அவ்வளவு நேரம்தான். மேரிம் எழுந்தாள். அண்ணனின் பொம்மை லாரியைச் சுற்றிக்கொண்டு, தாத்தாவின் நீட்டிய காலைத் தாண்டி, நேராக மேஜைக்கு நடந்து போனாள். தட்டிலிருந்து பொரித்த மாவுத் துண்டு ஒன்றை எடுத்தாள். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொன்று எடுத்தாள். இரண்டு கையிலும் இரண்டைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி வந்து அம்மா காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நடக்குறா, நடக்குறா!" அசில்கான் துள்ளி எழுந்தாள். "நாந்தான் மொதல்ல பாத்தேன். நல்ல சேதி சொன்னதுக்கு எனக்குப் பரிசு வரணும்."

அவள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தாள். துர்தாகுன் சர்க்கரை போடாத தேநீரைக் கலக்கோ கலக்கென்று கலக்கிக்கொண்டிருந்தார். உலான் எழுந்து போய் ஜன்னல் கொண்டியைச் சரிபார்த்தான். எர்பொல் மேஜைக்கடியில் எதையோ தேடினான். புருல் பானையைப் பிடித்தபடி, நிறைந்த கிண்ணத்தில் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"அடப் பாவிகளா" என்றாள் அசில்கான். "ரெண்டு கையிலயும் தின்பண்டத்த வெச்சிக்கிட்டு லாரிய வளச்சுப் போவுது. இன்னிக்குக் கத்துக்கிட்ட நடையா இது? குடும்பமே சேந்து ஒரு பச்சப் புள்ள நடக்கிறத மூடி மறைக்கிறீங்களா?" மூக்கு விடைத்தது அவளுக்கு. "வர ஞாயித்துக்கெழம. முற்றத்துல. கோடு நான் போடறேன். யாரும் தப்பிக்க முடியாது."

கதவின் மூன்று பூட்டையும் தானே திறந்துகொண்டு அவள் கீழே போன பிறகு, மேரிம் நிதானமாக இரண்டாவது மாவுத் துண்டைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"உனக்கு எப்பத்திலேந்து தெரியும்?" என்றான் உலான்.

"மூணு வாரத்துக்கு முந்தின செவ்வாக்கெழம. உங்களுக்கு?"

"அதுக்கடுத்த சனி. நீ குளிக்கப் போயிருந்த."

துர்தாகுன் தொண்டையைச் செருமினார். "எனக்கு அந்தச் செவ்வாக்கெழமைக்கு முந்தின நாளே தெரியும். ரேடியோவ அணைக்க வந்தா. நாலு அடி."

புருலுக்குச் சுருக்கென்றது. தான் பொத்திப் பொத்தி வைத்த முதல் அடி முதல் அடியே இல்லையாம். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அதற்குள் மேஜைக்கடியிலிருந்து எர்பொல் தலையை நீட்டி, "நாந்தான் அவளுக்குக் கத்துக் குடுத்தேன், பால்கனில. தாத்தாவுக்கும் முன்னாடி. யார்ட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன், அவ சொல்லவே இல்ல" என்று தங்கையைப் பெருமையாகப் பார்த்தான்.

"ஏன்டா கண்ணு மறச்ச?"

"எல்லாரும் ஓடுவாங்கல்ல. எல்லாரும் ஓடுனா அப்பறம் டமால்னு சத்தம் வரும்."

அவன் சொன்ன விதத்தில் சந்தேகமே இல்லை. மழைக்கு முன்னால் மேகம் வரும் என்பதுபோல் சொன்னான். உலான் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

துர்தாகுன் யாரும் கேட்காமலே சொன்னார். "விசேஷம்னா கதவத் தொறந்து போடணும். அம்பது பேர் வருவான், போவான். நான் ஒரு காலத்துல எல்லாக் கல்யாணத்துலயும் முன்னால உக்காந்து பாடுனவன். இப்ப நாலு பேரு சேந்து நின்னா, வெளிய போற வழி எங்கன்னுதான் என் கண்ணு தேடுது. எனக்கே வெக்கமா இருக்கும்மா."

"நீங்க?" என்றாள் புருல், கணவனைப் பார்த்து.

உலான் மகனின் தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தான். "ஆம்பளைங்க ஓட்டத்துல சமத்தும் ஓடுவான்" என்றான் கடைசியில். சமத் பக்கத்து வாசல்காரன். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். "அன்னிக்குக் கடத்தெருவுல நாங்க ரெண்டு பேரு மட்டும் நின்னுட்டிருந்தோம். ஒரு கும்பல் வந்துது. நான் ஓடிட்டேன் புருல். திரும்பிக்கூடப் பாக்கல. அவன் அங்கயே நின்னான். நல்லவேள, அவங்க அந்தப் பக்கமா போயிட்டாங்க. இதப் பத்தி அவன் இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசல. நான் ஓடறத அவன் இன்னொரு தடவ பாக்கணுமா?"

ஒரே போர்வைக்குள் படுக்கிறவர்கள், ஏழு மாதமாக இது அவளுக்குத் தெரியாது. புருல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். அவளுக்கு அவன் மேல் அத்தனை பிரியம் பொங்கியது.

"சரி, நீ ஏன் மறச்ச?" என்றான் அவன்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், 'உன் மகளுக்குள் நான் பயத்தை ஊற்றிவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். "ஸ்கூல்ல வேல ஜாஸ்தி" என்றாள். "விசேஷம்னா யாரு சமைக்கிறது." ஊதினால் பறந்துவிடுகிற பொய். மூன்று பேரும் மரியாதையாக நம்பினார்கள்.

கடைசியில் துர்தாகுன்தான் ஒரு வழி சொன்னார். ஓட்டம் வேண்டாம், வருகிறவர்கள் அமைதியாக, வரிசையாக நடந்து வரட்டும். முன்னால் வருகிறவர் வெட்டட்டும். இதைச் சொல்ல உலானும் புருலும் கீழே போனார்கள்.

"நடந்து வர்றதா?" என்றாள் அசில்கான். "வரிசையாவா? கொழந்தைக்குக் கயிறு வெட்டறீங்களா, இல்ல செத்தவங்களுக்கு மண்ணு போடறீங்களா?"

"இல்லக்கா, ஊர் இருக்கிற நெலமையில..."

"ஊரு நல்லாத்தான் இருக்கு. இந்த முற்றத்துக்குத்தான் ஏதோ வந்திருக்கு." அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "அக்டோபர்லேந்து இங்க ஒரு பொறந்த நாள் உண்டா, ஒரு பாட்டு உண்டா? ஏழு மணிக்கு எல்லாக் கதவும் சாத்திடுது. நீங்க உள்ள அஞ்சு பேர் இருக்கீங்க. நான் ஒத்தையா உக்காந்து செவுரப் பாக்கறேன். எதுக்கு வீடு வீடா வந்து உசிர வாங்கறேன்னு நெனக்கிற? சத்தம் வேணும்டா எனக்கு. எல்லாரும் ஓடணும். கத்தணும். ஒரு தடவையாச்சும்."

இரண்டு பேரும் மாடி ஏறி வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. முற்றத்துப் பாப்ளர் மரங்கள் பஞ்சு உதிர்த்துக்கொண்டிருந்தன. தகரக் கொட்டகை வாசலில் அசில்கான் சுண்ணாம்பால் கோடு போட்டாள். இந்தப் பக்கம் ஆப்பிள் மரத்தடியில் வெள்ளைக் கம்பளி விரிப்பு. அதன் மேல் மேரிம், புதுச் சட்டை, தலையில் சின்னத் தொப்பி, காலில் கறுப்பு வெள்ளைக் கயிறு. கயிற்றைக் கட்டினபோது அவள் அழவில்லை. குனிந்து அதை வாயில் வைக்கப் பார்த்தாள். பக்கத்தில் துர்தாகுன் தட்டில் கத்தியை வைத்துக்கொண்டு, நெஞ்சு புடைக்க நின்றார். புருல் பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு அக்குளிலும் கைகொடுத்துப் பிடித்திருந்தாள். முற்றத்தில் அறுபது பேர் இருப்பார்கள். எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பிள்ளைகள் ஓட்டம். பதினொரு பேர் கோட்டில் நின்றார்கள். எர்பொல் வெளுத்த முகத்தோடு அந்த வரிசையின் ஓரத்தில் நின்றான். அசில்கான் தலைத்துணியை அவிழ்த்து உயர்த்தி வீசினாள்.

ஓடிவந்தார்கள்.

புருல் அவர்கள் காலைத்தான் பார்த்தாள். இருபத்திரண்டு கால், தரை அதிர, அவளை நோக்கி. பிள்ளைகள்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் முதுகுக்குத் தெரியவில்லை. முதுகு, எங்கோ ஒரு இரும்பு ஷட்டரைத் தேடியது. பின்னால் ஷட்டர் இல்லை. அவ்வளவுதான், பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள்.

விளையாட்டு டீச்சர் ஓடுகிறாள் என்றால் சாமானியமா? ஆப்பிள் மரத்தைச் சுற்றி, ஊஞ்சலைத் தாண்டி, கம்பளம் தட்டுகிற கம்பிக்கு அடியில் குனிந்து போனாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரைப் போய்த் தொட வேண்டுமோ அவளே ஓடினால் என்ன செய்வது? விடாமல் துரத்தினார்கள். பெண்கள் இதை ஏதோ டீச்சர் கண்டுபிடித்த புது விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். "என்ன ஆட்டம் இது, பந்தயத்துல கம்பமே ஓடுது" என்று அசில்கான் தலைத்துணியைக் கையில் பிடித்தபடி கத்தினாள். துர்தாகுன் கத்தித் தட்டை ஏந்திக்கொண்டு நாலு எட்டு ஓடி நின்றார். உலானுக்கு மட்டும் அவள் முகம் தெரிந்தது. அவன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே, அத்தனை பேர் நடுவில், தலைதெறிக்க ஓடினான். சமத் பார்க்கிறானா என்று அவன் நினைக்கவே இல்லை.

அப்போதுதான் புருலின் காதருகே அந்தச் சத்தம் கேட்டது.

வந்துவிட்டது என்று நினைத்தாள். ஏழு மாதமாக எதிர்பார்த்த அலறல். இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள். கொட்டகை முனைவரைக்கும் ஓடின பிறகுதான் அது அலறல் இல்லை என்பது அவள் காதில் ஏறியது. மேரிம் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தோளுக்கு மேலே எம்பி, பின்னால் ஓடிவருகிற கூட்டத்தைப் பார்த்து, கட்டின கால் இரண்டாலும் அம்மாவின் இடுப்பைத் தட்டித் தட்டி, மூச்சு முட்டச் சிரித்தாள். இரண்டு கையையும் அவர்களை நோக்கி நீட்டினாள். தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"வா. வா. வா."

புருல் நின்றாள். திரும்பினாள்.

பிள்ளைகள் முட்டி மோதி நின்றார்கள். எர்பொல்தான் முதலில் வந்தவன். மூச்சிரைக்க அம்மாவை அண்ணாந்து பார்த்து, "டமால்னு வரல" என்றான். உலான் வந்து சேர்ந்தான். பின்னாலேயே சமத்தும், இன்னும் பத்துப் பேரும் வந்தார்கள். என்ன ஆயிற்று, குழந்தைக்கு என்ன என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

"கொழந்தைக்கு ஒண்ணுமில்ல" என்றாள் புருல். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. "அவளுக்கு பயமே இல்ல. எனக்குத்தான். அக்டோபர்லேந்து யாராச்சும் ஓடி வந்தா என் காலு நிக்க மாட்டேங்குது. அது இவளுக்குள்ள போயிடுச்சுன்னு நெனச்சேன். அதான் நடக்கிறத மறச்சேன். போகல. எங்கிட்டதான் இருக்கு."

விளையாட்டு டீச்சர் எல்லார் முன்னாலும் நின்று, எனக்குப் பயம் என்று சொல்லி அந்த முற்றத்தில் யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற சமத் தரையைப் பார்த்துக்கொண்டு, உலானுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "உன் பொண்டாட்டிக்குக் காலு நிக்க மாட்டேங்குது. எனக்கு அன்னிக்குக் காலு நகரவே இல்ல மச்சான். நீ என்னமோ நான் தைரியமா நின்னேன்னு நெனச்சுக்கிட்டு ஏழு மாசமா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குற." உலான் அவனையே பார்த்தான். பிறகு அவன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டான்.

புருல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வகுப்பில் பேசுகிற குரல் அவளுக்கு எங்கிருந்தோ வந்தது. "இந்த ஓட்டம் செல்லாது. தப்பு என் மேல. எல்லாரும் கோட்டுக்குப் போங்க. மறுபடி மொதல்லேந்து."

"வேணாம்மா, விட்டுடு" என்றான் உலான்.

"போங்க நீங்களும். ஆம்பளைங்க ஓட்டம் இருக்குல்ல."

பிள்ளைகள் ஓடிப்போய்க் கோட்டில் நின்றார்கள். புருல் விரிப்பில் வந்து உட்கார்ந்து, மேரிமைத் தன் முன்னால் நிற்க வைத்தாள். துர்தாகுன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கத்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டை அவளிடம் நீட்டினார்.

"இத நல்லாப் புடிச்சுக்க. எனக்கும் யாராச்சும் புடிச்சுக்கிட்டாத் தேவல."

அசில்கான் தலைத்துணியை வீசினாள். பதினொரு பேரும் ஓடிவந்தார்கள். புருலின் தொடை இரண்டும் துள்ளின. நகம் மாமனாரின் மணிக்கட்டில் பதிந்தது. அவர் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவள் காலைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தாள். அக்டோபரில் அவள் ஒரு முகத்தையும் பார்த்திருக்கவில்லை. இப்போது மூக்கொழுகிக்கொண்டு வருகிற இரண்டாம் மாடிப் பையன் தெரிந்தான். முன்பல் இரண்டு போன எர்பொல் தெரிந்தான். பின்னலைக் கடித்துக்கொண்டு ஓடிவந்த மூன்றாம் மாடிப் பெண் எல்லாரையும் முந்தினாள். வந்த வேகத்தில் விரிப்பில் விழுந்து, எழுந்து, தாத்தாவிடமிருந்து கத்தியை வாங்கினாள். இரண்டு இழுப்பில் கயிறு அறுந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையை நீட்டிக் கூப்பிட்டார்கள். மேரிம் ஒரு தரம் தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு அம்மா இருக்கிற பக்கம் திரும்பாமல், நேராகக் கூட்டத்தைப் பார்த்து நடந்தாள்.

புருலின் கை தானாக முன்னால் போயிற்று. அதை இழுத்து, இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். மேரிம் முதல் ஆளின் முழங்காலைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். தொப்பி கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. நடுவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. புருல் அது வருகிற திசையைப் பார்த்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.